கம்பெனியும் இல்லை, லாக்கும் எரிந்துவிட்டது: இனி அந்த சாஃப்ட்வேரைக் காப்பி எடுத்தால் தப்பா?

பாமணி · திங்கள், இரவு 9.20

மன்னார்குடியில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், இதுதான் பிழைப்பு. 2004 மகாமகத்துக்கு வேலை கொட்டும் என்று நம்பி, அதற்கு முந்தைய வருடக் கடைசியில் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், அதோடு ஒரு தமிழ் எழுத்துரு சாஃப்ட்வேர் வாங்கினேன். எழுத்துருவுக்கு மட்டும் 14,500 ரூபாய். பில் இன்னும் ஃபைலில் இருக்கிறது. சிடியோடு ஒரு லாக் கொடுத்தார்கள். பிரிண்டர் கேபிள் சொருகும் இடத்தில் அதை மாட்டினால்தான் எழுத்துரு வேலை செய்யும்.

2018 நவம்பரில் கஜா புயல் கூரை ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோதுகூட அந்தப் பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றிக் காப்பாற்றினேன். போன ஐப்பசியில் ஒரே இடி. மதர்போர்டும் போச்சு, அதோடு லாக்கும் போச்சு. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது.

அதில் இருபது வருட வேலை இருக்கிறது. மூன்று கோயில்களின் தலவரலாறு, ஒரு பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலர், எத்தனையோ குடும்பங்களின் பத்திரிகைகள். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் கேள்விக்குறியுமாகக் குப்பை போல வருகிறது. கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. பில்லில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்தால் யாரோ மாவு மில்காரர் எடுக்கிறார்.

தஞ்சாவூரில் ஒரு நண்பர், லாக் இல்லாமலே ஓடும் காப்பி ஒன்றைப் பென்டிரைவில் வைத்திருக்கிறார். “எல்லாரும் இதைத்தான்யா ஓட்டுறான்” என்கிறார். நான் காசு கொடுத்து வாங்கிய பொருள்தான். இருந்தாலும் கை வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீரசோழன் · திங்கள், இரவு 9.41

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணே? விற்கிறவன் இருந்தால் அவனுக்கு நஷ்டம். விற்கிறவனே இல்லை, நஷ்டம் யாருக்கு? எங்கள் பாலிடெக்னிக்கில் நிரல் எழுதப் பழக இன்னும் அந்தப் பழைய நீலத் திரை டர்போ சி-தான் சொல்லித் தருகிறார்கள். அதை யார் காசு கொடுத்து வாங்கினார்கள்? கைவிட்ட சாஃப்ட்வேர் என்று இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. உங்களுக்காக ஒன்று: [சுட்டி நீக்கப்பட்டது]

மதகு (இழை மேலாளர்) · திங்கள், இரவு 9.55

பதிவிறக்கச் சுட்டியை நீக்கியிருக்கிறேன். விவாதம் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும், சரக்கு இங்கே கைமாற வேண்டாம்.

வெண்ணாறு · திங்கள், இரவு 10.30

தஞ்சாவூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். உங்கள் வழக்கை எடுத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம், பொதுவாகச் சொல்கிறேன்.

“கைவிட்ட சாஃப்ட்வேர்” என்பது நம் சட்டத்தில் இல்லாத வார்த்தை. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் நிரலை இலக்கியப் படைப்புக் கணக்கில் வைத்திருக்கிறது. எழுதியவர் ஆயுள் முழுக்க, அதற்கு மேல் 60 வருடம். விற்பதை நிறுத்தினால் உரிமை முடிந்துவிடாது. சாகுபடி செய்யாமல் தரிசாகப் போட்ட நிலத்துக்கும் பட்டாதாரர் உண்டு இல்லையா, அப்படித்தான். உரிமையை விட்டுவிட வேண்டுமானால் பிரிவு 21-இன்படி எழுதியவரே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கடையை மூடியதையே அறிவிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

பாமணிக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. பிரிவு 52-இல், ஒரு நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போகாமலிருக்கப் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எந்த வேலைக்காக வாங்கினாரோ அந்த வேலைக்கு மட்டும். ஆகவே உங்கள் சிடியிலிருந்து நீங்களே பிரதி எடுத்து வைத்தால் ஒருவரும் கேட்க முடியாது.

பென்டிரைவ் சமாசாரம் வேறு. அது உங்கள் சிடியின் பிரதி அல்ல. யாரோ பூட்டை உடைத்து உருவாக்கியது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் பிரிவு 63பி: குறைந்தது 7 நாள், அதிகம் போனால் 3 வருடம் சிறை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்தலாம். ஆனால் அச்சகம் தொழில்தானே?

வீரசோழன் · திங்கள், இரவு 10.38

இந்தக் கணக்கில் பார்த்தால் டெல்டாவில் இருக்கும் பாதி டிடிபி சென்டரை உள்ளே போட வேண்டும் சார்.

வெண்ணாறு · திங்கள், இரவு 10.44

போட மாட்டார்கள். புகார் கொடுக்க ஆள் வேண்டுமே. நடைமுறையில் வழக்கு வராது என்பது வேறு, சட்டம் அனுமதிக்கிறது என்பது வேறு. அவர் இரண்டாவதைக் கேட்டார், அதற்குப் பதில் சொன்னேன்.

அரசலாறு · செவ்வாய், காலை 6.15

கும்பகோணத்தில் முப்பது வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் வேறொரு வேலையும் பார்த்தேன், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தொண்ணூறுகளில் ஒரு எழுத்துரு கம்பெனிக்கு எழுத்து வரைந்து கொடுத்தேன். பாமணி வாங்கிய கம்பெனி அல்ல, வேறு. கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்தாக வரைய வேண்டும். ‘ணை’ எழுத்தின் சுழி சின்ன அளவில் அச்சாகும்போது அடைத்துக்கொள்ளும். அதை மட்டும் ஒன்பது தடவை திருத்தினேன். ஒரு எழுத்துருக் குடும்பம் முடிக்க ஐந்து மாதம் ஆனது. வெளிவந்து ஒரு தீபாவளி முடியவில்லை, சென்னை நடைபாதையில் நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை ஒரே சிடியில் போட்டு விற்றார்கள். என் எழுத்துருவும் அதில் இருந்தது. பெயரைக்கூட மாற்றவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா? எந்த ஊர்ச் சுவரில் பார்த்தாலும் என் ‘அ’.

கம்பெனிக்கு அந்தப் பெருமையால் சம்பளம் போட முடியவில்லை. அதனால்தான் அடுத்த எழுத்துருவை லாக்கோடு விற்றார்கள். லாக்குக்கும் உடைப்பு வந்தது. அப்புறம் கம்பெனியே போனது. பாமணி தம்பி, உங்கள் கம்பெனி ஏன் மூடியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் “விற்கிறவனே இல்லையே” என்று சொல்கிறவர்கள், அவன் ஏன் இல்லாமல் போனான் என்றும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். காப்பி எடுத்தே ஆளைக் காலி செய்துவிட்டு, ஆள் இல்லையே, இனிக் காப்பி எடுக்கலாம் என்றால் எப்படி?

பாமணி · செவ்வாய், காலை 7.02

அக்கா, நீங்கள் சொல்வது சரி. எனக்குள் ஒரு எரிச்சல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் தெருவில் இன்னும் இரண்டு அச்சகம். இரண்டிலும் அதே எழுத்துருதான், உடைத்த காப்பி. அவர்கள் கம்ப்யூட்டர் மாற்றினார்கள், விண்டோஸ் மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடன் வாங்கி, பில் போட்டு வாங்கிய ஒரே ஆள் நான்தான். இன்றைக்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவனும் நான்தான். அந்த லாக் யாரைத் தடுத்தது?

கடுவையாறு · செவ்வாய், காலை 9.10

நாகப்பட்டினத்துக்காரன், நிரல் எழுதுவது தொழில். பாமணி அண்ணன் கேட்டதுதான் இந்த விஷயத்தின் மூலக் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் சொல்வதற்கு முன்னால், அந்த ஒரு கம்ப்யூட்டரில் எத்தனை விதமான “நின்றுபோன சாஃப்ட்வேர்” இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

பேஜ்மேக்கர்: ஆல்டஸ் என்ற கம்பெனி 1985-இல் கொண்டுவந்தது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0-தான் கடைசி. இதற்கு உரிமையாளர் திடமாக, பெரிய ஆளாக இருக்கிறார். விற்பதில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் எக்ஸ்பி: 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. இதற்கும் உரிமையாளர் யார் என்று ஊருக்கே தெரியும்.

இந்தப் பெரிய கம்பெனிகள் விஷயத்தில் ஒரு வதந்தி இன்னும் ஓடுகிறது. 2013 ஜனவரியில் அடோபி, ஃபோட்டோஷாப் அடங்கிய தன் பழைய சிஎஸ்2 தொகுப்புக்கான சரிபார்ப்பு சர்வரை நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தவிக்கக் கூடாதே என்று, சரிபார்ப்பு தேவைப்படாத பிரதியையும் வரிசை எண்ணையும் இணையத்தில் வைத்தது. உடனே “ஃபோட்டோஷாப் இலவசம்” என்று ஊரெல்லாம் தண்டோரா. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று கம்பெனி சொன்னது. யார் காதிலும் விழவில்லை. என்னைக் கேட்டால், அங்கே அடோபி செய்ததுதான் சரியான முறை: பூட்டை நிறுத்துகிறாயா, வாங்கியவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நிறுத்து.

பாமணி வாங்கிய எழுத்துருக் கம்பெனி அதைச் செய்யவில்லை. பத்தாயமும் நம்முடையது, உள்ளே கிடக்கும் நெல்லும் நம்முடையது, பூட்டு மட்டும் ஊரைவிட்டுப் போனவருடையது என்ற கதை. இதில் அவர் மீது எனக்குக் கோபம் வருகிறது, காப்பி எடுப்பவர் மீது அல்ல.

வீரசோழன் தம்பிக்கு ஒன்று. டர்போ சி 2.01, டர்போ சி++ 1.01 இரண்டையும் அவற்றை உருவாக்கிய போர்லேண்ட் கம்பெனியே பழம்பொருள் என்று இலவசமாகக் கொடுத்தது. இங்கே கல்லூரிகளில் ஓடுவது பெரும்பாலும் 3.0. அந்தப் பட்டியலில் அது இல்லை.

வீரசோழன் · செவ்வாய், காலை 10.25

சரி அண்ணே, 3.0 விஷயத்தில் தோற்றேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உ.வே.சா. இந்த ஊர்க்காரர்தானே, உத்தமதானபுரம். பழைய ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து பிரதி எடுத்துப் பதிப்பிக்காவிட்டால் எத்தனையோ நூல்கள் கரையானுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போயிருக்கும். அதைப் புண்ணியம் என்கிறோம். சாஃப்ட்வேரை அழியாமல் ஒருவன் காப்பி எடுத்து வைத்தால் திருடன் என்கிறோம். அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒன்று 2023-இல் ஆய்வு செய்தது. அங்கே வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்றைக்குக் கடையில் கிடைக்காது என்றார்கள். காப்பி எடுத்து வைத்தவர்களால்தான் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அரசலாறு · செவ்வாய், பகல் 1.40

அந்த உவமை அடிக்கடி வருகிறது தம்பி, பாதிதான் பொருந்தும். அவர் தேடிய நூல்களை எழுதியவர்கள் போய்ப் பல நூறு வருடங்கள் ஆகியிருந்தன. ஏடு வைத்திருந்தவர்களிடம் அவர் கேட்டு வாங்கினார். திருவாவடுதுறை மடத்தில் கேட்டார், வீடு வீடாகப் போய்க் கேட்டார், கிடைக்காமல் திரும்பியும் வந்தார். கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்து “தமிழைக் காப்பாற்றினேன்” என்று சொல்லவில்லை. நம் இழையில் கேட்கிற பேச்சையே காணோம், அதுதான் எனக்கு வருத்தம்.

மீதிப் பாதி பொருந்தும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் வரைந்த முதல் எழுத்துருவின் அசல் இன்று என்னிடம் இல்லை, கம்பெனியிடமும் இருக்காது. இருக்கிறது என்றால் அந்த நடைபாதை சிடி ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். இதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஓடம்போக்கி · செவ்வாய், இரவு 8.50

திருவாரூர் பக்கம் ரைஸ் மில். எழுத்துரு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் இதே தப்பைச் செய்தவன் நான். சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் இலேசாகும்.

எங்கள் மில்லுக்கு ஒருத்தர் ஃபாக்ஸ்புரோ என்ற மைக்ரோசாஃப்ட் கருவியில் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார். பக்கத்து ஊர்க்காரர், டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவார். நெல் வரவு, ஈரப்பதக் கழிவு, அரிசி, குருணை, தவிடு, உமி என்று மூட்டைக் கணக்கு எல்லாம் அதில் அப்படியே வரும். பெரிய கம்பெனி சாஃப்ட்வேர் எதிலும் குருணைக்குத் தனிக் கட்டம் கிடையாது. இவர் எங்கள் களத்தில் உட்கார்ந்து, சாக்குத் தைக்கிற ஆளிடம்கூடக் கேட்டுக் கேட்டு எழுதியது. பிறகு அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஃபாக்ஸ்புரோவும் போனது, 2015 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆனால் எங்கள் மில்லில் அது ஓடிக்கொண்டே இருந்தது.

மச்சான் புதிதாக மில் ஆரம்பித்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் மூலம் இன்னும் இரண்டு மில்லுக்குப் போனது. எழுதினவரே இல்லை, யாரைக் கேட்பது என்பதுதான் என் நினைப்பு.

நாலு வருடம் கழித்து வங்கியில் அவர் வீட்டம்மாவைப் பார்த்தேன். நகைக்கடன் வரிசையில் நின்றார். “இன்னும் அந்த சாஃப்ட்வேர்தாம்மா ஓடுது, மச்சான் மில்லுலயும் அதுதான்” என்று ஏதோ பாராட்டுவதாக நினைத்துச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். “அவர் போனப்புறம் யாருமே வந்து கேக்கலை, அதோட எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்” என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, போய்விட்டார்.

நான் யாரைக் கேட்பது என்று நினைத்த ஆள் நாலு கிலோமீட்டரில் இருந்திருக்கிறார்.

வெண்ணாறு · செவ்வாய், இரவு 9.30

ஓடம்போக்கி ஐயா, உங்கள் கதையில் சட்டமும் இருக்கிறது. எழுதியவர் இறந்தால் உரிமை அவருடைய வாரிசுகளுக்குப் போகும். மனைவி மட்டுமல்ல, பிள்ளைகளும், அவருடைய அம்மா இருந்தால் அவரும். வீடு, நிலம் போலத்தான்.

எழுதியவர் யாரென்றே தெரியாத, தேடியும் கிடைக்காத படைப்புக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பிரிவு 31ஏ. ஆங்கில நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, நிர்ணயிக்கும் தொகையைக் கட்டி வெளியிட உரிமம் வாங்கலாம். ஒரு மன்னார்குடி அச்சகம் பழைய எழுத்துருவுக்காக இதைச் செய்தால் விளம்பரச் செலவில் புது மெஷினே வாங்கிவிடலாம். வழி இருக்கிறது, நடக்க ஆள் இல்லை.

லாக் பற்றி பாமணி கேட்டதற்கு: 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது, 2 வருடம் வரை சிறை. அந்த எண்ணத்தோடு என்ற வார்த்தைகள் முக்கியம். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை என்று அடுத்த உட்பிரிவு சொல்கிறது. தன் சொந்தப் பிரதியின் எரிந்துபோன லாக்கை ஒருவர் தாண்டினால் அது எந்தப் பக்கம் விழும் என்று வாதாட நிறைய இடம் இருக்கிறது, நான் சந்தோஷமாக வாதாடுவேன். ஆனால் வேடிக்கை என்னவென்றால், இப்படி உடைக்க உதவுபவர் யாருக்கு உதவினார், அவர் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. தஞ்சாவூர் பென்டிரைவ் நண்பர் நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் இதே நிலைமைக்கு, கெட்டுப்போன, இனிக் கிடைக்காத லாக் உள்ள நிரல்களுக்கு என்று 2003-இலும் 2010-இலும் வெளிப்படையாகவே விலக்குக் கொடுத்தார்கள். அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே செல்லாது. இந்தச் சங்கடம் பாமணிக்கு மட்டும் வந்ததல்ல என்று காட்டச் சொல்கிறேன்.

கடுவையாறு · செவ்வாய், இரவு 10.15

நம் ஊரில் எழுத்தாளர் நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறோமே. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுக்கிறது, அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பாரதி எழுத்துகளின் உரிமையை 1949-இல் அரசு வாங்கியதிலிருந்து வருகிற வழக்கம். சட்டப்படி நிரலும் இலக்கியப் படைப்புத்தான் என்று வக்கீல் சார் சொல்கிறார். அப்படியானால் ஒரு பழைய தமிழ் எழுத்துருவை ஏன் நாட்டுடைமை ஆக்கக் கூடாது? அரசலாறு அக்காவுக்கு ஒரு பரிவுத்தொகை, நமக்கு எழுத்துரு.

அரசலாறு · செவ்வாய், இரவு 10.31

நான் இருக்கும்போதே கொடுத்தால் சரி.

வீரசோழன் · புதன், காலை 8.05

மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸுக்கு முந்தைய டாஸின் மூலநிரலைத் திறந்துவிட்டது. 1.25-ஐயும் 2.0-ஐயும் 2014-இல் அருங்காட்சியகம் வழியாகக் காட்டினார்கள், 2018-இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் கொடுத்தார்கள், 2024-இல் 4.00. பெரிய கம்பெனியே செய்யும்போது சின்னக் கம்பெனிக்கு என்ன தயக்கம்? மூடும்போது ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

அரசலாறு · புதன், காலை 8.40

கடனில் மூடுகிறவனுக்கு அந்த ஒரு வரி எழுதத் தோன்றாது தம்பி. கதவில் பூட்டு மாட்டிவிட்டு, வாசலில் நிற்கும் கடன்காரனைப் பார்க்காமல் பின்பக்கமாகப் போவதுதான் தோன்றும். நான் பார்த்திருக்கிறேன்.

கடுவையாறு · புதன், பகல் 12.20

பாமணி அண்ணே, நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது அந்த சாஃப்ட்வேரா, இல்லை அதற்குள் மாட்டிக்கொண்ட உங்கள் எழுத்தா?

எழுத்து என்றால் லாக்கைத் தொடவே வேண்டாம். பேஜ்மேக்கர் ஃபைலை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸ் டிரா திறக்கும், 4.4 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. வடிவமைப்பு கொஞ்சம் கலையும், ஆனால் உள்ளே உள்ள எழுத்து வந்துவிடும். குப்பையாகத்தான் வரும். அந்தக் குப்பைக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் காலத்து எழுத்துரு எல்லாம் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஏமாற்றுகிற வேலைதான். ஒரு குறிக்கு ஒரு தமிழ் எழுத்து. எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று பட்டியல் தெரிந்தால் எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். பரவலாக இருந்த எழுத்துருக்களுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகளில் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதில் போட்டுப் பாருங்கள்.

பாமணி · புதன், மாலை 6.45

போட்டுப் பார்த்தேன். எந்தப் பட்டியலும் ஒத்துவரவில்லை. கம்பெனிக்காரர்கள் குறிகளைத் தங்கள் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள் போல.

பில்லில் இருந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலும் போட்டிருக்கிறேன். அரசலாறு அக்கா சொன்னபடி, கேட்டுவிட்டாவது பார்ப்போம்.

கடுவையாறு · புதன், இரவு 7.10

மாதிரி ஆல்பம் வைத்திருப்பீர்களே? கல்யாண வீட்டுக்காரர் வந்தால் புரட்டிக் காட்டுவது.

பாமணி · புதன், இரவு 7.14

பதினோரு ஆல்பம் இருக்கிறது. ஏன்?

கடுவையாறு · புதன், இரவு 7.30

அதுதான் பட்டியல்! ஒரு பத்திரிகையின் ஃபைலைத் திறந்து, அச்சான அதே பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் குறிக்கு நேரே முதல் எழுத்து. “நிகழும் மங்களகரமான” என்ற ஒரு வரியிலேயே பத்து எழுத்தாவது கிடைத்துவிடும். பத்து, பதினைந்து பத்திரிகை பார்த்தால் அநேகமாக எல்லாம் வந்துவிடும். எழுதி அனுப்புங்கள், மாற்றுகிற நிரலை நான் எழுதித் தருகிறேன். நிரலைத் திறந்த உரிமத்தில்தான் போடுவேன், நாளைக்கு நான் காணாமல் போனாலும் யாரும் பதிவுத் தபால் போட வேண்டியிருக்காது.

வெண்ணாறு · புதன், இரவு 9.05

உங்கள் ஃபைல், நீங்கள் அடித்த பத்திரிகை. இதில் யாருடைய நிரலும் நகலாகவில்லை, எந்தப் பூட்டும் உடையவில்லை. என் பீஸ் போச்சு.

பாமணி · ஞாயிறு, பகல் 3.20

நாலு நாள் உட்கார்ந்து நானும் என் மகளும் பட்டியல் போட்டோம். 163 குறி. கடுவையாறு தம்பி நிரல் அனுப்பினார். முதல் தலவரலாறு நேற்று ராத்திரி முழுசாக வந்துவிட்டது. பக்கம் எல்லாம் திரும்பக் கட்ட வேண்டும், பரவாயில்லை.

ஒரு சிக்கல். ‘கௌரி’ எல்லாம் ‘கெளரி’ என்று வருகிறது. பார்க்க ஒன்றாகத்தான் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை. ‘மௌனம்’, ‘சௌபாக்கியவதி’ எல்லாம் அப்படியே. கல்யாணப் பத்திரிகையில் சௌபாக்கியவதி இல்லாத பக்கமே கிடையாது.

பதிவுத் தபால் “இந்த விலாசத்தில் இப்படி யாரும் இல்லை” என்று திரும்பி வந்துவிட்டது. கவரைப் பிரிக்காமல் பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

கடுவையாறு · ஞாயிறு, மாலை 4.00

அந்தக் காலத்து எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே படத்தை வைத்துச் சமாளித்திருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது, படிக்கிறவருக்குத்தான் தெரியும். கௌ, சௌ, மௌ, பௌ, வௌ மட்டும் தனிப் பட்டியலாக எடுத்து மாற்றலாம். ஆனால் கவனம், கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘வெளியே’ எல்லாம் ‘வௌியே’ ஆகிவிடும்.

ஓடம்போக்கி · ஞாயிறு, இரவு 9.10

அந்த மில் சாஃப்ட்வேர் எழுதியவரின் வீட்டம்மாவை நான் போய்ப் பார்த்தேன். நாலு மில்காரரும் சேர்ந்து ஒரு தொகை போட்டோம். அந்தம்மா முதலில் வாங்கவில்லை. பிள்ளை வந்த பிறகுதான் வாங்கினார். “எதுலயாவது கையெழுத்துப் போடணுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வக்கீல் சார்?

வெண்ணாறு · ஞாயிறு, இரவு 9.35

போட வேண்டும் ஐயா. எந்த சாஃப்ட்வேர், எந்தெந்த மில், எவ்வளவு தொகை என்று ஒரு தாளில் எழுதி, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் அதுதான் உரிமம். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று நீங்களும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வரைவு நான் அனுப்புகிறேன், பீஸ் வேண்டாம்.

பாமணி · திங்கள், காலை 7.25

எதிர் அச்சகக்காரர் இன்று காலை வந்தார். கடுவையாறு தம்பியின் நிரல் வேண்டுமாம், அவரும் யூனிகோடுக்கு மாறப்போகிறாராம். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். போகும்போது, “உங்ககிட்ட இன்னும் அந்த பில் இருக்காமே, ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?” என்றார். எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.